அறுக்காத பெட்டி

காசிமேட்டிலிருந்து ஐந்து தெர்மாகோல் பெட்டிகள் வந்தன.
வஞ்சிரம் படுத்திருந்த பெட்டிகள்.
மூன்று நாள் வெயில் காட்டியும் வாசம் போகவில்லை.
தேசம்மா தோசைக்கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி
அடியில் ஓட்டை போட்டாள்.
மண்ணுக்குத்தான் அலைந்தோம்.
எங்கள் தெருவைத் தோண்டினால் சாம்பல்,
செங்கல் தூள், யாரோ தொலைத்த சைக்கிள் செயின்.
மாதவரத்தில் மூட்டை எண்பது ரூபாய்.

பால்வாடி என்பது
ஒரு அறை, ஒரு அடுப்பு, இருபத்திரண்டு தட்டு.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
சுவரில் ஒட்டிய அணிலும் ஆடும்
கொஞ்சம் நடுங்கும்.

“மீன் பெட்டில போட்டா மீன்தானே முளைக்கும்?”
ஷம்ரீன் கேட்டாள்.
யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி.
பூனைகளும் அப்படித்தான் நம்பின.
அவற்றை விரட்டிக்கொண்டே காத்திருந்தோம்.

ஆறாம் நாள் வந்தது
தையல் நூல் கனத்தில், சிவப்பாக.
தண்டுக்கீரை.

மோனிஷ் கீரை தின்ன மாட்டான்.
சோற்றிலிருந்து ஒவ்வொரு இலையாய்ப் பொறுக்கித்
தட்டின் விளிம்பில் வரிசையாய் வைப்பான்.
அந்தப் பொறுமைக்குப் பூ கட்டலாம்.
ஆனால் தன் பாட்டில் தண்ணீரை
முதல் மடக்கு தான் குடிக்காமல்
ஐந்தாம் பெட்டிக்கு ஊற்றுவான்.

பறிக்கும் நாளில் நாலு பெட்டி மொட்டையானது.
ஐந்தாவதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.
“இதுக்கு முடி வெட்டக் கூடாது.”
சலூன் நாற்காலியில் பலகை போட்டு உட்கார வைத்தால்
எதிர்த் தெரு வரை கேட்கும் அவன் குரல்.
விட்டுவிட்டோம்.
நாலு பெட்டிக் கீரையும் பாசிப்பருப்புமாய்
அன்றைக்குச் சாப்பாடு.
அவன் தட்டில் விளிம்பு முழுக்கப் பச்சை.

பதிவேட்டில் ஒரு கட்டம்: இன்று கற்றது.
முன்தினம் எழுதியதையே எழுதினேன்.

பெட்டி வளர்ந்தது. அவனைவிட உயரம்.
கதிர் விட்டது.
மேற்பார்வை மேடம் வந்து
“முத்திப்போச்சே, வேஸ்ட்” என்றார்.
அவர் போனபின்
கதிரை உள்ளங்கையில் தேய்த்து ஊதிக் காட்டினான்.
கறுப்பு, பளபளப்பு,
கடுகே பெரிதென்று தோன்றும்.

படம் வரையும் வெள்ளிக்கிழமை.
நான் நீலச் சாக்பீஸ் பொடித்து வைத்திருந்தேன்.
அவன் அட்டை முழுக்க மைதாப் பசை தடவி
விதையைக் கொட்டினான்.
“என்னடா?”
“கடல்.”
“கடல் நீலம்டா.”
“இது ராத்திரி. அப்பா போற கடல்.”
நடுவில் நாலணா அகலம்
ஒன்றும் ஒட்டாமல் விட்டிருந்தான்.
“அது லைட்டு.”

ஜன்னலோரம் ஆணியில் மாட்டினேன்.
அப்புறம் மழை. ஐந்து நாள் லீவு.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம்
இடுப்பளவு என்றார்கள்.
இங்கே கணுக்கால்தான்.

திறந்தபோது
அரிசி மூட்டையின் அடி புளித்திருந்தது.
சத்துமாவு கட்டி தட்டியிருந்தது.
தேசம்மா எதையோ திட்டிக்கொண்டே
துடைப்பம் தேடினாள்.
பிறகு சத்தம் நின்றது.
“டீச்சர், இங்க வாயேன்.”

சாரலில் ஊறி உப்பிய அட்டை.
கடல் முழுக்க முளைத்திருந்தது.
சிவந்த தண்டுகள், ஆளுக்கு இரண்டு இலை,
எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து.
விளக்கு மட்டும்
விட்ட இடத்தில் வெறுமையாய் இருந்தது.

பிள்ளைகள் சூழ்ந்தார்கள். முகேஷுக்குத் தெரியவில்லை,
அவனைத் தூக்கிக் காட்டினேன்.
போனில் படம் ஏற்ற வேண்டும்.
உணவா, கைவேலையா என்று போன் கேட்டது.
நான் எதையும் தொடாமல் நின்றிருக்க
மோனிஷ் ஒன்றைக் கிள்ளி
வாயில் போட்டு மென்றான்.

“வெட்டக் கூடாதுன்ன?”

“கிள்ளுனேன். வெட்டல.”

இன்னும் கொஞ்சம் மென்று
ஷம்ரீனைப் பார்த்துச் சொன்னான்:
“மீன் வாசம் இல்ல.”